பதிவக்கா வைத்த பெயர்

அந்த மகப்பேறு மருத்துவமனையின் பதிவு அறையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருந்தவரை, பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் பதிவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடி ஜன்னலில் அரைவட்டமாக ஓர் ஓட்டை. அதற்கு இந்தப் பக்கம் ஒரு கணினி, காகிதத்தைக் கோணலாக இழுக்கும் ஒரு பிரிண்டர், குழந்தைகளின் காலில் கட்டும் பெயர் டேக் அடிக்கும் சின்ன இயந்திரம். அந்தப் பக்கம், தூக்கமில்லாத கண்களோடு அப்பாக்களின் வரிசை.

பெயர்களின் போக்கு அவருக்கு அத்துப்படி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்றெழுத்துப் பூப்பெயர்களாக வந்து குவிந்தன. அப்புறம் நதிகள். அப்புறம் எந்த நாட்டுப் பெயர் என்றே சொல்ல முடியாதவை. இப்போது வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கோரிக்கையோடு வந்தார்கள். சின்னதாக இருக்க வேண்டும், 'ஆ' என்று முடிய வேண்டும், வேறு யாருக்கும் இருக்கக் கூடாது. ஒரு அப்பா நாற்பது பெயர் எழுதிய தாளை நீட்டி, "இதுல எது இதுவரைக்கும் வரலைன்னு பாத்துச் சொல்லுங்கக்கா" என்றார். பார்த்ததில் நாற்பதும் வந்திருந்தன. மனிதர் முகம் பரீட்சையில் தோற்றவர் மாதிரி தொங்கிப் போயிற்று.

"பேர்ல என்னங்க இருக்கு, கூப்பிட்டா திரும்பணும், அவ்வளவுதானே" என்று பதிவக்கா அவரைத் தேற்றி அனுப்பினார். ஒரு திங்கட்கிழமை காலை வரைக்கும் அவர் மனதார நம்பியதும் அதுதான்.

அன்று எட்டு ஐம்பத்தைந்துக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதே காலுக்கு இன்னொன்று. இரண்டு தாய்மாருக்கும் ஒரே பெயர். கணவன்மாரின் பெயர் தொடங்குவதும் ஒரே எழுத்தில். பெயர் வைக்காத குழந்தையை, தாயின் பெயரைப் போட்டு 'இன்னாரின் பெண் குழந்தை' என்று பதிவதுதான் அங்கே வழக்கம். ஆக, கணினியில் ஒரே வரி இரண்டு முறை ஏறியது. பதிவக்கா அதைக் கவனித்தார். வார்டுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டில் குறித்தும் வைத்தார். அதற்குள் ஜன்னலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். சீட்டு விசைப்பலகைக்கு அடியில் போயிற்று.

பத்தே காலுக்கு மேஜைத் தொலைபேசி அடித்தது. சாலைக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டிடத்தில் இருந்த ரத்த வங்கியின் பொறுப்பாளர்.

"அக்கா, ஒரே குழந்தைக்கு ரெண்டு சாம்பிள் அனுப்பியிருக்காங்க. ஒண்ணுல ஏ வருது, ஒண்ணுல பி வருது. ஒரு உடம்புல எப்படிக்கா ரெண்டு ரத்தம் ஓடும்? எந்தப் பையை நான் அனுப்பறது?"

பதிவக்கா விசைப்பலகையைத் தூக்கினார். சீட்டை அடியிலிருந்து உருவினார்.

"அது ஒரு குழந்தை இல்லப்பா. ரெண்டு. எதையும் அனுப்பாதீங்க. நான் வார்டுல கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

பச்சிளங்குழந்தை வார்டின் சிஸ்டர் மறுமுனையில் ஏறக்குறைய அழுதுகொண்டிருந்தார். ஒன்பதே காலுக்குப் பிறந்த குழந்தை, வெளியே வரும்போதே நிறைய ரத்தம் இழந்திருந்தது. வெள்ளைக் காகிதம் மாதிரி கிடந்தது. மூச்சு தானாக வரவில்லை. டாக்டர் குழாய் போட்டுக்கொண்டிருக்க, ஒரு இளம் நர்ஸ் காற்றுப் பையைக் கையால் அழுத்தி அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் ஏற்றக்கூடிய வகை ரத்தம் முந்தின நாள் நடந்த ஒரு சாலை விபத்தில் தீர்ந்துபோயிருந்தது. குழந்தைக்குச் சேரும் ரத்தம்தான் வர வேண்டும். எட்டு ஐம்பத்தைந்துக்குப் பிறந்த குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. வழக்கமான பரிசோதனைக்காக எடுத்த அதன் ரத்தமும் அதே பெயரில் அதே கூடையில் போயிருந்தது.

"எது எதுன்னு சாம்பிள் குழாய்ல ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?"

"பேர்தானேக்கா எழுதறோம். பேருதான் ஒண்ணாச்சே!"

"புதுசா எடுங்க. நான் வேற டேக் அடிச்சு எடுத்துட்டு வர்றேன்."

சொல்வது எளிதாக இருந்தது. ரத்த வங்கியின் கணினியும் பதிவு அறைக் கணினியும் ஒன்றோடொன்று பேசாதவை. அங்கே பெயரைத் தட்டித்தான் தேடுவார்கள். பெயர்க் கட்டத்தில் 'குழந்தை 2' என்று அடித்துப் பார்த்தார் பதிவக்கா. எண்ணை அது ஏற்கவில்லை. சிவப்பாக ஒரு வரி காட்டித் துப்பியது. 'இரண்டாவது குழந்தை' என்று எழுத்தில் அடிக்கலாமா என்று கைபேசியில் ரத்த வங்கியைக் கேட்டார்.

"இரட்டைக் குழந்தைங்களுக்கு எல்லாம் அப்படித்தான் போட்டு வச்சிருக்காங்க. தட்டுனா நூறு வரும்" என்றார் பொறுப்பாளர். "கோவிச்சுக்காதீங்கக்கா. நான் தேடுனா ஒண்ணே ஒண்ணுதான் வரணும். ரெண்டு வந்தாலும் பையை வெளிய விடமாட்டேன். தப்பு ரத்தம் ஏறுனா நானும் நீங்களும் ஆயுசுக்கும் தூங்க முடியாது."

அப்படியானால் குழந்தைக்கு ஒரு பெயர் வேண்டும். யாருக்கும் இல்லாத பெயர். அதுவும் இப்போதே.

பெயர் என்பது பெற்றவர்கள் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டிய விஷயம். தாய் மயக்கத்தில் இருந்தார். ஆபரேஷன் தியேட்டரில் தையல் இன்னும் முடியவில்லை. அப்பா ஒரு வெல்டர், இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் பாலம் கட்டும் வேலையில் இருப்பவர். அவர் எண் அணைந்து கிடந்தது. தாயைக் கொண்டுவந்து சேர்த்த பக்கத்து வீட்டு அம்மா, அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வந்து வீட்டுக்கு ஓடியிருந்தார். ஜன்னலில் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது. பதிவக்கா எழுந்து கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டார். பதினெட்டு வருடத்தில் வேலை நேரத்தில் அந்தத் திரை மூடப்பட்டதே இல்லை.

தெரிந்த பெயர் ஒன்றை அடித்தார். முப்பத்தொரு பதிவு. இன்னொன்று. பதினான்கு. யாரும் வைக்க மாட்டார்கள் என்று நினைத்த ஒன்றை அடித்தார். இரண்டு. எழுத்துகளை முன்பின்னாக மாற்றி அர்த்தமே இல்லாமல் ஒன்று அடித்தார். அதற்கும் ஒன்று இருந்தது. எந்தப் புண்ணியவானோ போன மாதம் தன் மகளுக்கு வைத்திருந்தான். விரல்கள் வேர்த்து விசைகளில் வழுக்கின. ஊரில் இத்தனை பேர் இத்தனை நாள் இதே கணினியில் தேடித் தோற்றது ஏன் என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

வார்டின் தொலைபேசி இணைப்பைத் துண்டிக்காமல் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி வைத்திருந்தார். அதில் டாக்டரின் குரல் வந்தது. எதுவோ விழும் சத்தம் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் காற்றுப் பையை அழுத்திக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துச் சிஸ்டர் கத்துவது தெளிவாகக் கேட்டது.

"கை நிக்கக் கூடாது! அயராதடி, அயராம அழுத்து! அயராத!"

பதிவக்காவின் விரல்கள் அந்தச் சொல்லின் முதல் மூன்று எழுத்தை அடித்து நின்றன.

அயரா.

'பதிவு ஏதும் இல்லை' என்றது திரை.

யோசிக்க அவருக்கு நேரமில்லை. பெயர்க் கட்டத்தில் அதை ஏற்றினார். டேக் இயந்திரம் பாதி டேக்கை வெளியே தள்ளிவிட்டுச் சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து, சுருளை நகத்தால் இழுத்து, திரும்ப அடித்தார். இரண்டாவது முறை முழுசாக வந்தது. படிவத்தில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடம் காலியாக இருந்தது. அது காலியாக இருந்தால் ரத்த வங்கியில் படிவத்தைத் தொடக்கூட மாட்டார்கள். பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டார். ஓடினார்.

மாடிப்படியில் ஒரு செருப்பு கழன்றது. அதை அங்கேயே விட்டார். வார்டு வாசலில் சிஸ்டர் டேக்கை வாங்கிக் குழந்தையின் கணுக்காலில் கட்டி, புதிதாக எடுத்த ரத்தத்தைப் பதிவக்கா கையில் கொடுத்தார். குழந்தையை நின்று பார்க்கக்கூட இல்லை அவர். ஒற்றைச் செருப்போடு சாலையைக் கடக்கும்போது ஒரு ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

பொறுப்பாளர் பெயரைத் தட்டினார். ஒன்றே ஒன்று வந்தது. ரத்தம் பி வகை. பொருத்தம் பார்த்து முடிக்கும்வரை பதிவக்கா அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பை கைக்கு வந்தபோது மணி பதினொன்று இருபது.

ஒரு மணிக்கு வெல்டர் வந்து சேர்ந்தார். முகம் நிறையச் சிரிப்பு, கையில் ஒரு சின்ன மஞ்சள் போர்வை. அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. காலையில் ஒன்பது ஐந்துக்கு வார்டு உதவியாளர் அவருக்குப் போன் போட்டு, பெண் குழந்தை, நல்லா இருக்கு, தாயும் நலம் என்று சொல்லியிருந்தார். அது மற்றத் தாயின் வீட்டுக்குப் போக வேண்டிய செய்தி. ஒரே பெயர் என்பதால் எண் மாறிப்போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் போன் பேசியே, வரும் வழியில் அவர் போன் உயிரை விட்டிருந்தது.

இப்போது வார்டில் அவருக்கு ஒரு வெளுத்த குழந்தையைக் காட்டினார்கள். வாயில் குழாய். கணுக்காலில் அவர் கேள்விப்படாத ஒரு பெயர்.

பத்து நிமிடத்தில் பதிவு அறை ஜன்னல் அதிர்ந்தது.

"என் புள்ளைக்குப் பேர் வைக்க நீங்க யாருங்க?"

"ஐயா, கொஞ்சம் உக்காருங்க, நான் சொல்றேன்."

"என்ன சொல்லப் போறீங்க? ஒன்பது அஞ்சுக்கு என் பொண்ணு நல்லா இருக்குன்னீங்க. இப்ப வேற ஒரு புள்ளையைக் காட்டி, வேற ஒரு பேரைக் கட்டி, இதுதான் உன்னுதுங்கறீங்க. பேரை மாத்துனவங்க புள்ளைய மாத்த மாட்டீங்களா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. வரிசையில் இருந்த அப்பாக்கள் எல்லோரும் தங்கள் கையிலிருந்த சீட்டுகளை ஒருமுறை சரிபார்த்தார்கள். ஒருவர், "விடாதீங்க, எழுதிக் கொடுங்க" என்று வெல்டருக்குக் காகிதமே கொடுத்தார். அந்த இன்னொரு குழந்தையின் அப்பா, மனைவியின் கட்டிலருகே நாற்காலி போட்டு, யாரையும் கிட்டே விடாமல் உட்கார்ந்துவிட்டார்.

பதிவக்கா ஜன்னலை விட்டு வெளியே வந்தார். "என்மேல புகார் எழுதுங்க, நான் வேண்டாங்கல. கையெழுத்து நான் போட்டதுதான். ஆனா புள்ள மாறல. அதை என் வாய் சொன்னா நீங்க நம்ப வேண்டாம். உங்க ரத்தம் சொல்லும். வாங்க."

"என் ரத்தம் எதுக்கு?"

"உங்க வீட்டம்மாவுக்கு ஓ வகை. அந்தப் புள்ளைக்கு ஏ. குழாய் போட்டிருக்கற புள்ளைக்கு பி. உங்களுக்கு ஏ இருந்தா நீங்க சொல்றதைத்தான் எல்லாரும் கேட்கணும், நானும் சேர்த்து. பி இருந்தா, ஏ புள்ள உங்களுக்குப் பிறந்திருக்கவே முடியாது."

வெல்டர் முதலில் புகாரை எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தார். பிறகுதான் கையை நீட்டினார். முடிவு வரும்வரை ரத்த வங்கியின் நீள பெஞ்சில் இருவரும் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். வெல்டரின் மடியில் மஞ்சள் போர்வை மடித்தபடியே இருந்தது. அவருக்கு ஏ என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று பதிவக்கா நினைத்துப் பார்த்தார். தான் டேக் கட்டச் சொன்னது எந்தக் குழந்தைக்கு என்பதே அந்த ஒரு நொடி அவருக்குச் சந்தேகமாகப் போயிற்று.

பொறுப்பாளர் காகிதத்தோடு வெளியே வந்தார். "பி."

வெல்டர் எழுந்தார். போர்வையைத் தூக்கிக்கொண்டு சாலையைப் பார்க்காமல் குறுக்கே ஓடினார்.

குழந்தை அன்று மாலை தானாக ஒரு மூச்சு விட்டது. அப்புறம் விடவில்லை. அப்புறம் விட்டது. ஒன்பது நாள் இப்படி இழுபறியாகப் போய், பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். இரண்டாம் நாள் தாயைச் சக்கர நாற்காலியில் வார்டுக்குத் தள்ளிவந்தார்கள். குழந்தையின் கணுக்காலில் இருந்ததை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். கணவர், "அது சும்மா அவசரத்துக்குப் போட்டது. நாம வச்சிருக்கற பேரை மாத்தி எழுதிடலாம்" என்றார்.

"அந்தப் பேரைச் சொல்லி இவளை இன்னும் யாரும் கூப்பிடல. இந்தப் பேரைச் சொல்லித்தான் ரத்தம் வந்துருக்கு. இருக்கட்டும்" என்றார் தாய்.

விசாரணை மூன்று வாரம் கழித்து நடந்தது. வெல்டர் புகாரைத் திரும்ப வாங்க வந்தார். கோப்புக்கு எண் போட்டாயிற்று, இனி முடியாது என்றார்கள். கண்காணிப்பாளர் கெட்ட மனுஷி அல்ல. படிவத்தை மேஜைமேல் விரித்து, அந்தக் கையெழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு பேசினார்.

"வேற யாராவது அந்த நாற்காலில இருந்திருந்தா அந்தக் குழந்தை போயிருக்கும். எனக்குத் தெரியும். அதுக்காக நான் இதைப் பாக்காத மாதிரி இருக்க முடியாதும்மா. நாளைக்கு வேற ஒருத்தர் வேற காரணத்துக்குப் போடுவாங்க."

"சரிங்க மேடம்."

"ஏன் அவ்வளவு பிடிவாதம்? ரத்த வங்கிக்காரர் மேல பொறுப்பைப் போட்டுட்டு இருந்திருக்கலாமே?"

பதிவக்காவுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அவருக்கு முன்னால் அவர் வீட்டில் ஒரு அக்கா பிறந்து மூன்று வயதில் இறந்திருந்தாள். அடுத்துப் பிறந்த இவருக்கு அதே பெயரை வைத்து, அலைவதற்கு அலுத்துக்கொண்டு அதே பிறப்புச் சான்றிதழையே பள்ளிக்கூடத்தில் நீட்டிவிட்டார் அப்பா. காகிதத்தில் இவருக்கு மூன்று வயது அதிகம். ஓய்வும் மூன்று வருடம் முன்னதாகவே வரும். அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் தன்னைத்தான் கூப்பிடுகிறாளா என்று சின்ன வயதில் அவருக்கு ஒரு கணம் தயக்கம் இருக்கும். ஒரு பெயருக்குள் இரண்டு பேர் கிடப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். அதை அலுவலகத்தில் போய் யாரிடம் சொல்வது?

அவரைக் கீழ்த்தளத்துப் பழைய பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். அதே உத்தரவில் இன்னொரு பத்தியும் இருந்தது. இனி ஒவ்வொரு டேக்கிலும் தனி எண் வர வேண்டும், இரண்டு கணினிகளையும் இணைக்க வேண்டும். பதிவக்கா அந்தப் பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு, டிபன் பாக்ஸையும் மூக்குக்கண்ணாடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

பெயர் அவரோடு இறங்கவில்லை. குழந்தை வார்டில் கிடந்த நாளெல்லாம், "அயராவுக்குப் பால் குடுத்தாச்சா", "அயரா இன்னிக்கு எவ்வளவு எடை" என்று காலையும் மாலையும் பேச்சாக இருந்தது. சுற்றியிருந்த தாய்மார் அதைக் கேட்டார்கள். சின்னதாக இருந்தது, 'ஆ' என்று முடிந்தது, யாருக்கும் இல்லாததாக இருந்தது. பிள்ளை பிழைத்தும்விட்டது. வார்டை விட்டுப் போவதற்குள் இரண்டு பேர் தங்கள் குழந்தைகளுக்கு அதையே எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பதினேழு. அதற்கடுத்த வருடம் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

பதிவு ஜன்னலில் புதிதாக உட்கார்ந்த பெண் அடிக்கடி கீழே போன் செய்வாள். "அக்கா, இவங்க 'ஐரா'ன்னு போடச் சொல்றாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?" ஒருநாள் ஒரு இளம் அப்பா கீழேயே இறங்கி வந்து, இது ஏதோ பழைய தேசத்து மகாராணியின் பெயர் என்றும், தான் இணையத்தில் ஆராய்ந்து கண்டுபிடித்ததாகவும் பதிவக்காவுக்கே விளக்கினார்.

"அப்படிங்களா?"

"ஆமாங்க மேடம். ரொம்ப அபூர்வமான பேரு."

"அர்த்தம் ஏதாவது உண்டுங்களா?"

"ராணின்னுதான் போட்டிருக்கு."

"நம்ம மொழியில, சோர்ந்து போகாதன்னு ஒரு அர்த்தம் வரும்" என்றார் பதிவக்கா.

இளம் அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்படியும் சொல்லலாம்" என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டு போனார்.

ஆறு வருடம் கழித்து, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டும் என்று வெல்டர் வந்தார். கூடவே ஒரு ஒல்லிச் சிறுமி, முழங்காலில் சிராய்ப்போடு. பதிவக்கா அவளை அப்போதுதான் முதன்முதலாக நின்று பார்த்தார்.

"இவங்கதான் உனக்குப் பேர் வச்சவங்க. வணக்கம் சொல்லு" என்றார் அப்பா.

சிறுமி வணக்கம் சொல்லவில்லை. "எங்க யூகேஜி கிளாஸ்ல மூணு அயரா இருக்கு. என்னை ஒல்லி அயரான்னு கூப்பிடறாங்க. நீங்க வேற பேரு வச்சிருக்கலாம்ல?"

அப்பா அவள் தோளை இடித்தார். பதிவக்கா சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெரியவர்களுக்குச் சொல்வது போலவே பதில் சொன்னார்.

"மாத்தலாம். அதுக்குன்னு ஒரு ஃபாரம் இருக்கு. ஆனா உனக்குப் பதினெட்டு ஆகணும். நீயே வந்து கையெழுத்துப் போடணும், வேற யாரும் போடக் கூடாது."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன பேரு வேணும்னு நல்லா யோசிச்சு வை. அவசரமே இல்ல."

சிறுமி அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. மேஜை விளிம்பில் மோவாயை வைத்து, சான்றிதழில் அவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு ஒரு வெத்துத் தாள் தர்றீங்களா? எழுதிப் பாக்கணும்" என்றாள்.

பதிவக்கா இழுப்பறையைத் திறந்து இரண்டு தாளாகவே கொடுத்தார்.